பதினோரு குடும்பம், ஒரு பாலிசி: ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

"அக்கா, எனக்கு இன்கிரிமெண்ட் வேண்டாமுங்க. இருபதாயிரத்து எட்டுநூறுலயே இருக்கட்டும்."

2024 தீபாவளி போனஸ் கொடுக்கும்போது எங்கள் பட்டறையில் ஃபினிஷிங் பார்க்கும் தம்பி சொன்னது இது. இருபது வருஷமாகக் கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் வேலை) பண்ணுகிறோம். சம்பளத்தைக் கூட்டச் சொல்லி வந்தவர்கள் உண்டு, கூட்டவில்லை என்று பக்கத்து ஷெட்டுக்குப் போனவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொன்னவர் இவர் ஒருத்தர்தான். அப்போது அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) போய்விடும், சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார். வரம்பு பற்றி அவர் சொன்னது சரிதான், ஆனால் நடுவில் சம்பளம் ஏறினால் உடனே போய்விடாது, ஓடுகிற ஆறு மாதக் கணக்கு முடிந்த பிறகுதான் போகும். அந்த வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆனது. அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) ஆபரேட்டர் சம்பளம் எங்கேயோ போய்விட்டது, வரம்பு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

எங்களிடம் ஆறு மெஷின், இரண்டு ஷிப்ட், பத்தொன்பது பேர். பம்ப் பாகமும் வால்வு பாடியும்தான் முக்கிய வேலை. பத்தொன்பது பேரில் எட்டுப் பேருக்குத்தான் இஎஸ்ஐ. மீதிப் பதினொரு பேர் வரம்பைத் தாண்டியவர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் அவர்கள் போக முடியாது. அதற்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இவர்கள் ஆறு மாதத்திலேயே அதைத் தாண்டிவிடுவார்கள். திறமையாக வேலை கற்றுக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு, இரண்டு பக்கமும் கதவு சாத்தியது. அந்தப் பதினோரு குடும்பத்துக்காக 2024 டிசம்பரில் ஒரு குரூப் மெடிகிளைம் (எல்லோருக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீடு) எடுத்தேன். கம்பெனி பேர் வேண்டாம். நான் விலை கேட்ட நாலு கம்பெனியிலும் சின்ன குரூப்புக்கு ஷரத்து ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது.

முதலில் விலை. குடும்பத்துக்கு 3 லட்சம் கவர்: வேலை பார்ப்பவர், துணைவர், இரண்டு பிள்ளைகள். அப்பா அம்மாவைச் சேர்த்தால் பிரீமியம் இரண்டு மடங்குக்கும் மேலே போனது, விட்டுவிட்டேன். குடும்பத்துக்கு 9,200 வீதம் 1,01,200, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 18,216, ஆக மொத்தம் 1,19,416 ரூபாய். ஒரே தவணை. 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தில் 64விபி என்று ஒரு பிரிவு இருக்கிறது, பிரீமியம் கைக்கு வராமல் எந்தக் கம்பெனியும் ரிஸ்க் எடுக்கக் கூடாது என்று. எங்களுக்குப் பில் போட்டு 45 நாளில் பணம் வர வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருக்கிறது, அது வருகிற வேகத்தில்தான் வரும். அந்த மாதம் ஒரு பார்ட்டியிடம் பாக்கி நின்றதால் கூலண்ட் ஆயில் வாங்குவதைத் தள்ளிப்போட்டுத்தான் பிரீமியம் கட்டினேன்.

இஎஸ்ஐயோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதை எடைபோட முடியாது. 21,000 சம்பளக்காரருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75, சேர்த்து மாதம் 840 ரூபாய். என் குரூப் பாலிசி குடும்பத்துக்கு மாதம் 905. இஎஸ்ஐயில் வைத்தியத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது, மகனை நம்பியிருக்கும் அப்பா அம்மாவும் உள்ளே வருவார்கள், படுத்துக்கொண்டால் வருஷத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கூடுதலாகக் காசு கட்டி நான் வாங்கியதில் இதெல்லாம் இல்லை. இதில் இருப்பது பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்கிற வசதி, அப்புறம் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் கவர். இந்த இரண்டாவதுக்காகத்தான் எடுத்தேன். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம்வரை காத்திருக்க வைப்பார்கள். எங்கள் மூத்த ஆபரேட்டர் அண்ணனுக்கு வயது 52, பத்து வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும்.

பிப்ரவரியில் முதல் கிளைம். நைட் ஷிப்ட் பார்க்கும் ஒருத்தரின் மனைவிக்குப் பித்தப்பைக் கல், லேப்ராஸ்கோப்பி. ரூம் வாடகைக்கு நாளைக்குக் கவரில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று பாலிசியில் இருந்தது. நான் படித்திருந்தேன், அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. 4,500 ரூபாய் ரூமில் சேர்ந்துவிட்டார்கள். மூன்று நாளைக்கு வித்தியாசம் 4,500 ரூபாய்தானே, கொடுத்துவிடலாம் என்றார் அவர். விஷயம் அப்படி இல்லை. தகுதிக்கு மேலே ரூம் எடுத்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 98,000 ரூபாய் பில்லில் 63,000தான் பாஸ் ஆனது.

ராத்திரி உட்கார்ந்து பில்லைப் பிரித்துப் பார்த்தேன். ஜாப் ஒர்க் விலையில் பத்துப் பைசாவுக்கு மல்லுக்கட்டிப் பழகிய கை. ரூம் 13,500, அறுவை சிகிச்சை வகையில் 54,000, மருந்துக்கடை 22,500, பரிசோதனை 8,000. முதல் இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டியது விதிப்படி சரி. ஆனால் மருந்திலும் பரிசோதனையிலும் அதே மாதிரி வெட்டியிருந்தார்கள். மருந்து, இம்ப்ளாண்ட், பரிசோதனைச் செலவுகளை இந்த விகித வெட்டில் சேர்க்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. கையுறை, மாஸ்க் என்று கொடுக்கத் தேவையில்லாத 3,500 போக மீதி 27,000-ஐ முழுதாகக் கொடுத்திருக்க வேண்டும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன், அடுத்தது ஓம்பட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கும் வெளி அதிகாரி)தான் என்று கடைசி வரியில் எழுதி. பதினெட்டு நாளில் 9,000 ரூபாய் திரும்பி வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, வெறும் வங்கி எஸ்எம்எஸ். பில்லைப் பிரித்துப் பார்க்காத ஆளாக இருந்தால் அந்த 9,000 போனதுதான்.

மறுநாளே பன்ச்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் "ரூம் 3,000-க்குள்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினேன். இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் ஆயில் கறை.

அடுத்தது என் தப்பும் கலந்த கதை. ஏப்ரலில் ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் சேர்ந்தார். நடுவில் சேர்பவரை எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியில் பெயர் சேர்க்கும் இணைப்பு) போட்டு உள்ளே கொண்டுவரலாம். அதற்கான பிரீமியத்தை நாம் முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கும் சிடி கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். சிடி என்றால் கேஷ் டெபாசிட். மீதி எட்டு மாதத்துக்கு வரியோடு 7,237 வேண்டும். கணக்கில் கிடந்தது 4,180. நான் பெயரை மெயிலில் அனுப்பிவிட்டு, சேர்ந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் அவருடைய மூன்று வயதுக் குழந்தைக்கு நிமோனியா. ஆஸ்பத்திரி கவுண்டரில் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறார்கள். ஏஜெண்ட்டைக் கூப்பிட்டால், "மேடம், பேலன்ஸ் பத்தலைன்னு அப்பவே உங்களுக்கு மெயில் வந்திருக்குமே" என்கிறார். வந்திருந்தது. ஸ்பாமில், லோன் விளம்பரங்களுக்கு நடுவே. நாலு மாதத்தில் ஒரு போன் பண்ண ஆள் இல்லை. பெரிய கம்பெனிகளில் இதைப் பார்க்க எச்ஆர் என்று ஒரு துறையே இருக்கும். இங்கே எச்ஆர், அக்கவுண்ட்ஸ், டிஸ்பாட்ச் எல்லாம் நான்தான், டீ வாங்க ஆள் அனுப்புவதும் நான்தான்.

பில் 38,000. நான் கட்டினேன். அவரிடம் திரும்பக் கேட்கவில்லை. "எப்படியாவது மாசாமாசம் கழிச்சுக்கங்க மேடம்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை நானே பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சிடி கணக்கில் 15,000-க்குக் குறையாமல் வைத்திருக்கிறேன். எண்டார்ஸ்மெண்ட் காப்பி கைக்கு வராமல் யாரிடமும் "உனக்குக் கவர் இருக்கு" என்று வாய் திறப்பதில்லை.

செப்டம்பரில் அந்த அண்ணன். காலை ஷிப்டில் ஜாப் செட் பண்ணிக்கொண்டிருந்தவர், நெஞ்சைக் கரிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். வாயு என்று சோடா குடிக்கப் பார்த்தவரை என் வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இதயக் குழாயில் ஒரு ஸ்டெண்ட். பில் 2,10,000. கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேராகக் கொடுப்பது) அனுமதி ஒரு மணி நேரத்துக்குள் வந்தது, 1,94,000 கொடுத்தார்கள், பழைய சர்க்கரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. குறையே இல்லை என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் அன்று காலை பதினோரு மணிக்கு ஃபைல் போய், அனுமதி வந்தது மாலை ஐந்தே முக்காலுக்கு. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2024-லிருந்து விதி. அண்ணனின் மனைவி காலையிலேயே பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் கீரை வாங்கி வைத்ததை நினைத்து மாலைவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த 1,94,000-ஐ அண்ணன் வெளியில் புரட்டியிருந்தால் வட்டி கட்டியே ஓய்ந்திருப்பார். அந்த ஒரு நாளுக்காக இந்தப் பாலிசியை நான் திட்டுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

பிறகு டிசம்பர் 2025, ரினீவல். சின்ன குரூப் எடுப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. தனிநபர் பாலிசியில் நமக்குக் காய்ச்சல் வந்தது என்று நமக்கு மட்டும் விலை ஏற்ற மாட்டார்கள். குரூப்பில் ஒவ்வொரு வருஷமும் புதுக் கணக்கு, போன வருஷத்துக் கிளைமை வைத்துத்தான் விலை. ஆயிரம் பேர் இருக்கும் கம்பெனியில் ஒரு ஸ்டெண்ட் கண்ணுக்கே தெரியாது. பதினோரு குடும்பத்தில் அது யானை. வரி போக நான் கட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் அவர்கள் 263 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். புது கொட்டேஷன் 2,24,000, வரி தனி. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் காகிதம் போன வருஷத்துக் கிளைம் ஸ்டேட்மெண்ட்தான். பேரம் பேசி, ஒவ்வொரு கிளைமிலும் 10 சதவீதம் அவரவர் கையிலிருந்து என்று ஒப்புக்கொண்டு, 1,58,000-க்கு இறக்கினேன். ஜிஎஸ்டி 28,440. மொத்தம் 1,86,440.

அந்த ஜிஎஸ்டி இன்னொரு எரிச்சல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு வரியே கிடையாது. குரூப்புக்கு அந்தச் சலுகை இல்லை. சரி, கட்டர் இன்செர்ட் வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுபோல இந்த 28,440-ஐக் கழிக்கலாமா என்று ஆடிட்டரைக் கேட்டேன். இது நாமாக விரும்பி எடுத்தது, சட்டம் கட்டாயப்படுத்தியது இல்லை, அதனால் அந்தக் கழிவு (உள்ளீட்டு வரி வரவு) கிடையாது என்றார். வருமான வரியில் தொழில் செலவாகக் காட்டலாம், ரொக்கமாகக் கட்டாதவரை. அதுவரைக்கும் புண்ணியம்.

பதினோரு பேருக்கும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தால் வரியாவது மிச்சமாகுமே என்று யோசித்தேன். அண்ணனுக்கு இப்போது யார் கொடுப்பார்கள்? அங்கேதான் யோசனை நின்றது. இளவயசுப் பையன்களிடம் மட்டும், இதை நம்பி இருக்காதே, உன் பேரில் சின்னதாக ஒன்று இப்போதே எடுத்துவை, காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் எடுத்துவிட்டார்கள். ஓசூருக்கு வேலைக்குப் போன ஒரு பையனிடம், விலகும்போது அதே கம்பெனியில் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம் என்று சொன்னேன். ஏஜெண்ட் அதை வாயே திறக்கவில்லை.

ரினீவலுக்குப் பிறகு ஒரு செட்டர் வேலைக்கு ஆள் பார்த்தேன். வந்தவருக்கு நாற்பத்தெட்டு வயது, கை சுத்தம், பழைய கண்ட்ரோலர் எல்லாம் அத்துப்படி. பேசிக்கொண்டே இருக்கும்போது "சுகர் கிகர் இருக்குங்களா?" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் முகம் ஒரு கணம் மாறி, "இல்லீங்க மேடம்" என்றார். இருக்கிறது என்று சொன்னால் வேலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. அவரைச் சேர்த்துக்கொண்டேன், எண்டார்ஸ்மெண்ட்டும் போட்டாயிற்று. அந்தக் கேள்வியை என்னைக் கேட்க வைத்தது அந்த 263தான்.

ஐந்துக்கு எவ்வளவு என்றால், கவருக்கு நாலு, சேவைக்கு இரண்டு, விலைக்கு என்ன போடுவது என்று அடுத்த டிசம்பரில்தான் தெரியும்.

இன்கிரிமெண்ட் வேண்டாம் என்ற தம்பிக்கு சிங்காநல்லூரில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. இப்போது அவரும் சம்பளம் ஏற்றிக்கொண்டு குரூப்புக்கு வரத் தயார். ஏப்ரலில் ஏற்றலாம் என்றேன். "வேண்டாங்க்கா, மே மாசத்துல ஏத்துங்க" என்றார். இஎஸ்ஐ சந்தாவுக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை ஓர் ஆறு மாதக் கணக்கு. ஏப்ரலிலேயே ஏற்றினால் அந்த மாதத்திலிருந்தே சந்தா நின்றுவிடும். கணக்கு தொடங்கின பிறகு மே மாதம் ஏற்றினால் சந்தா செப்டம்பர் முடியும்வரை ஓடும், அதற்குள் அம்மாவின் முழங்காலைக் காட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் சொல்வது சரிதானாம்.