செவலை நாயும் ஆரஞ்சு ஸ்லைடரும்: கருப்பு வெள்ளை மிக்ஸரோடு நீண்ட காலப் பழக்கம்

கோம்பை என்ற நாட்டு நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர் சில படங்களை அனுப்பிக் கேட்டார்: "கலர்ல நல்லாத்தான் இருக்கு. கருப்பு வெள்ளையா மாத்துனா நாயே தெரியலையே. லைட்ரூம் சந்தா கட்டுனா சரியாயிடுமா?" செம்மண் தரையில் உட்கார்ந்திருக்கும் செவலை நாய். படத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது, ஆனால் காரணத்தோடு சொல்ல வேண்டிய பதில் அது. நாட்டு நாய்ப் படங்களுக்கென்றே லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளின் கருப்பு வெள்ளை மிக்ஸரைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறவன் என்பதால், அதில் பிடித்ததையும் எரிச்சலூட்டுவதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வி கீயை அழுத்தினால் படம் நிறம் இழக்கும், பக்கத்தில் சிவப்பு முதல் மெஜந்தா வரை எட்டு ஸ்லைடர்கள் வரும், ஒவ்வொன்றும் அந்தந்த நிறம் இருந்த இடத்தை வெளுக்கவோ கறுக்கவோ செய்யும். இது தெரிந்தவர்களுக்குத்தான் மேற்கொண்டு.

முதலில் கன்னி நாய். உடம்பு முழுக்கக் கறுப்பு, புருவத்தின் மேல் இரண்டு பழுப்புப் பொட்டு, முகவாயின் (மூக்கும் வாயும் நீண்டிருக்கும் பகுதி) இருபக்கமும் மார்பிலும் காலிலும் அதே பழுப்பு. சாதாரணமாக நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் அந்தப் பழுப்பு நடுத்தரச் சாம்பலாகி, கறுப்பு ரோமத்தின் பளபளப்போடு கலந்து, முகத்தில் எது புருவம் எது வெளிச்சம் என்றே தெரியாது. ஆரஞ்சை +35, மஞ்சளை +15 ஏற்றுங்கள். பொட்டு மட்டும் எழுந்து வரும். கறுப்பில் நிறம் என்று ஒன்று இல்லாததால் அது அசையாது. நாய் புருவத்தைத் தூக்கிப் பார்க்கும் பார்வை முழுக்க அந்த இரண்டு பொட்டில்தான் இருக்கிறது. கன்னி முகத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ராஜபாளையம் நாய்க்கு இதன் தலைகீழ். வெள்ளை முகத்தில் இளஞ்சிவப்பு மூக்கு. அப்படியே மாற்றினால் மூக்கும் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்து முகத்துக்கு மையமே இல்லாமல் போகும். சிவப்பை -30, ஆரஞ்சை -20 இறக்கினால் மூக்கு கறுத்து நிற்கும். -45 தாண்டினால் காதின் உட்புறமும் கண்ணைச் சுற்றிய மெல்லிய தோலும் திட்டுத் திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும், சொறி நாய் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எடுக்கும்போது வெள்ளை நாய் ஃபிரேமை நிரப்பினால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வையுங்கள், இல்லையென்றால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கித் தரும். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக் கறுப்பு நாயில் கிடைத்தது நான் எதிர்பார்க்காத சந்தோஷம். கறுப்பு ரோமத்தில் நாம் பார்ப்பது ரோமத்தின் நிறத்தை அல்ல, அதன் மேல் விழும் வானத்தின் பிரதிபலிப்பை. நிழலில் திறந்த வானத்தைப் பார்த்து நாயை உட்கார வைத்தால் அந்தப் பளபளப்பு நீலமாக இருக்கும். வெண்சமநிலையை (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு, ஒயிட் பேலன்ஸ்) நிழலுக்கென்று திருத்தாமல் பகல் வெளிச்சத்துக்கான 5500 கெல்வினிலேயே விட்டால் நீலம் அப்படியே நிற்கும். பிறகு நீல ஸ்லைடரை +30 ஏற்றினால் தோள்பட்டையின் தசையும் கழுத்து மடிப்பும் விலாவும் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஐஎஸ்ஓ 800க்குள் இருந்தால் மட்டுமே இது சுத்தமாக வரும், அதற்கு மேல் நீலத்தில் இரைச்சல் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். கறுப்பு நாய்க்கு எக்ஸ்போஷரைக் குறைக்கச் சொல்வார்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிந்த தகவல் சுருக்கப்படாமல் இருக்கும் கோப்பு) எடுப்பவர்கள் குறைக்க வேண்டாம். மீட்டர் கூடுதலாகத் தரும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் கணினியில் இறக்கினால் நிழல் பகுதி சுத்தமாக இருக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் மட்டும் இது சரிப்படாது, சுவர் வெளுத்துப் போகும்.

இவ்வளவு நல்ல கருவி, செவலை நாய் என்று வந்தால் கையை விரித்துவிடுகிறது. பல வருடமாகியும் தீராத எரிச்சல் இதுதான்.

செவலை ரோமம் ஆரஞ்சு. செம்மண் ஆரஞ்சு. செங்கல் சுவர், ஓடு, தேக்குக் கதவு, கயிற்றுக் கட்டிலின் மரச்சட்டம், பக்கத்தில் பிடித்திருக்கும் மனிதக் கை, எல்லாம் ஆரஞ்சு. எல்லாவற்றையும்விட மோசம், அந்த நாயின் கருவிழியைச் சுற்றிய பழுப்பும் ஆரஞ்சுதான். ரோமம் இருட்டாக இருக்கிறதே என்று ஸ்லைடரை ஏற்றினால் கண்ணும் கூடவே வெளுத்து, கண்பார்வை போன நாயைப் போலத் தெரிகிறது. கண்ணைக் காப்பாற்ற இறக்கினால் ரோமம் கறுத்து, கோம்பையின் அடையாளமான கறுப்பு முகவாய் மற்ற முகத்தோடு சேர்ந்து தொலைகிறது. கோம்பைக்கு முகவாய் தெரியாமல் படம் எதற்கு? மிக்ஸர் நிறத்தைத்தான் பிரிக்கும், பொருளைப் பிரிக்காது. ஒரே நிறத்தில் ஐந்து பொருள் இருந்தால் ஐந்தும் ஒன்றாகவே ஏறி இறங்கும். இதில் எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது, வேலை செய்யும் முறையே அதுதான். ஆனாலும் நல்ல படம் ஒன்று கண்ணெதிரே பாழாகும்போது கோபம் வராமல் இல்லை.

வெண்சமநிலையை ஒன்பதாவது ஸ்லைடராக நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். மிக்ஸர் வேலை செய்வது வெண்சமநிலை முடிந்த பிறகு. வெண்சமநிலையில் பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே நகரும் டின்ட்டைப் பச்சைப் பக்கம் 15 முதல் 25 வரை தள்ளினால், மண்ணைவிடக் கொஞ்சம் மஞ்சள் கூடிய ரோமம் ஆரஞ்சிலிருந்து நழுவி மஞ்சள் ஸ்லைடருக்குள் விழும், மண் ஆரஞ்சிலேயே நிற்கும். இப்போது மஞ்சளை ஏற்றி ஆரஞ்சை இறக்கலாம். படம் நிறத்தில் இருந்திருந்தால் பார்க்கச் சகிக்காது, கருப்பு வெள்ளையில் அதைப் பற்றிக் கவலை இல்லை. புல்தரையில் இந்த வழி செல்லாது. புல் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் மிக்ஸரில் பெரும்பகுதி மஞ்சள் ஸ்லைடரில்தான் இருக்கிறது, நாயை அங்கே தள்ளினால் புல்லோடு மோதும்.

கண்ணைத் தனியாக மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரை 0.3 அளவுக்குக் குறைத்து மீட்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கண், ஒவ்வொன்றிலும் வெளிச்சப் புள்ளியை விட்டுவிட்டு விழியின் பழுப்பை மட்டும் கவனமாகப் பூச வேண்டும். ஒரு படத்துக்குச் செய்யலாம். ஒரு காலையில் எடுத்த அத்தனைக்கும் செய்ய உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆரஞ்சை +50, நீலத்தை -50 என்று எதிரெதிராக இழுத்தால் நாயின் முதுகு விளிம்பில் வெள்ளைக் கோடு விழும், காதோரம் கட்டம் கட்டமாக உடையும். காரணம், மிக்ஸருக்குத் தீனி நிறத் தகவல், கேமராவிடம் குறைவாக இருப்பதும் அதுவே. சென்சாரில் பாதிப் புள்ளி பச்சையைப் பார்க்கும், கால் பங்கு சிவப்பை, கால் பங்கு நீலத்தை. மீதியெல்லாம் கணக்குப் போட்டு நிரப்பியது. ஜேபெக்கில் நிலைமை இன்னும் மோசம். போன்கள் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற கணக்கில்தான் நிறத்தைச் சேமிக்கின்றன. வெளிச்சத் தகவல் முழுசாக இருப்பதால் நிறப்படத்தில் இது தெரியாது, மிக்ஸரை இழுத்ததும் தெரிந்துவிடும். நண்பர் அனுப்பியது வாட்ஸ்அப் வழியாக வந்த ஜேபெக், அதுவும் மறுபடி சுருக்கப்பட்டது. ஜேபெக்கில் எந்த ஸ்லைடரையும் 20க்கு மேல் தொடாதீர்கள். ரா ஃபைலில் 40 வரை போகலாம்.

ஆகவே செவலை நாய்க்கு வேலை கேமரா முன்னால்தான். நிறத்தால் பிரியாததை வெளிச்சத்தால் பிரிக்க வேண்டும். காலை ஏழு மணி அளவில், தாழ்வாரத்தின் விளிம்பில், வெளிச்சம் நாயின் ஒரு பக்கத்திலிருந்து வருமாறு உட்கார வையுங்கள். ஒளி விழும் கன்னம் வெளுக்கும், மறுகன்னம் கறுக்கும், நடுவில் முகவாயின் வடிவம் தானாக எழும். நிழல் பக்கம் அதிகம் இருண்டால் ஒரு தெர்மாகோல் அட்டையைத் தரையோடு சாய்த்து வையுங்கள், தாடைக்குக் கீழே வெளிச்சம் ஏறும், கண்ணிலும் ஒரு புள்ளி விழும். பழுப்புக் கண்ணில் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கருப்பு வெள்ளையில் முகம் உயிரற்றுப் போகும். ஃபிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான படலம் ஒளியைத் திருப்பி அடித்து, கண் வெறும் வெள்ளை வட்டமாகிவிடும்.

தரையும் பின்னணியும் ஆரஞ்சாக இருக்கக் கூடாது. சிமெண்ட் தரை, கருங்கல் படி, சாணம் மெழுகிய திண்ணை எல்லாம் சரி. நீலம் அடித்த சுவர் கிடைத்தால் அதிர்ஷ்டம், நீலத்தை -25 இறக்கினாலே செவலை நாய் தனியாகத் தெரியும். கயிறு, கழுத்துப் பட்டை சிவப்பாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

லென்ஸ் பற்றியும் அவர் கேட்டிருந்ததால் சுருக்கமாக. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 எம்எம் எஃப்1.8 போதும். ஆனால் 1.8ஐத் தொடாதீர்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அந்த அப்பர்ச்சரில் கூர்மையாக இருப்பது மொத்தமே 6 சென்டிமீட்டர், அதில் பாதி கண்ணுக்கு முன்னால், பாதி பின்னால். நீள முகவாய் நாய்க்குக் கண்ணிலிருந்து மூக்கு நுனிக்கு 10 சென்டிமீட்டர் இருக்கும். எஃப்5.6 வைத்தால் கூர்மை 19 சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்து கிட்டத்தட்ட மூக்கு வரை எட்டும். நிறப்படத்தில் மங்கிய மூக்கை மன்னிக்கலாம், கருப்பு வெள்ளையில் பார்ப்பதற்கு ரோமமும் தோலும் மட்டும்தான் மிச்சம். ஃபோகஸ் தானாக ஈர மூக்கின் பளபளப்பைத்தான் தேடிப் போகும், ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். இரைக்கும் நாயின் தலை ஆடிக்கொண்டே இருக்கும், ஷட்டர் 1/320க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா நாயின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1974இல் நியூயார்க்கில் எடுத்த, பூட்ஸ் கால்களுக்கும் பெரிய நாயின் கால்களுக்கும் பக்கத்தில் சிவாவா நிற்கும் படம் தரை மட்டத்திலிருந்து எடுத்தது. நின்றுகொண்டு எடுத்திருந்தால் அந்தப் படமே இல்லை. லைட்ரூமில் கிளாரிட்டி ஸ்லைடரை மட்டும் குட்டை ரோம நாய்க்கு ஏற்றாதீர்கள், ரோமம் கம்பியாகிவிடும். டெக்ஸ்சர் +15 போதுமானது.

இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் கலர் கேலிப்ரேஷனுக்குள் கிரே என்ற பகுதி இருக்கிறது. எட்டு ஸ்லைடர் இல்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றே எண். செவலை நாய்க்கு 0.45, 0.45, 0.10 என்று தொடங்குங்கள். மூன்றின் கூட்டுத்தொகை 1 ஆகவே இருக்கும்படி, சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தால் ரோமம் மெல்ல வெளுக்கும், பச்சையைக் கூட்டிச் சிவப்பைக் குறைத்தால் கறுக்கும். பிரிக்கும் சக்தி குறைவு, ஆனால் விளிம்பு உடையாது, வெள்ளைக் கோடு வராது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

கன்னிக்கும் கறுப்பு நாய்க்கும் அந்த மிக்ஸரை நான் விடப் போவதில்லை. அப்படியிருந்தும் இன்று மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். நம் தெருவிலும் தோட்டத்திலும் அதிகம் கண்ணில் படுவது செவலை நாய். அந்த நிறத்துக்கே கைகொடுக்காத கருவியை, நாய்ப் படத்துக்கு நல்லது என்று இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பர் சந்தா கட்ட வேண்டாம். அந்தக் கோம்பையைச் செம்மண்ணிலிருந்து எழுப்பிச் சிமெண்ட் திண்ணைக்குக் கொண்டுபோய், பக்க வெளிச்சத்தில், எஃப்5.6இல் எடுத்து, ரா ஃபைலை எனக்கு அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக வேண்டாம், டாக்குமென்டாக.