நாலு ரெக்கார்டிங் பட்டன்: சொன்னதையே திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு உதவுமா?

பெட்டியில் நாலு வட்டப் பட்டன்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒவ்வொன்றிலும் 30 நொடி வரை குரலைப் பதியலாம். மேலே அழுத்தினால் பதிந்தது ஒலிக்கும். அவ்வளவுதான் சாமான். க்விஸ் போட்டிக்கும் நாய் வளர்ப்போருக்கும் விற்கிற அதே பட்டனை ஆன்லைன் கடைகளில் 'ஆட்டிசம், பேச்சுப் பயிற்சி' என்ற தலைப்பிலும் காணலாம். வேறு வேறு பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்றே திருப்பிச் சொல்லும் மூன்று, நான்கு வயது ஆட்டிசப் பிள்ளைக்கு இது உதவுமா? உதவும். ஆனால் எந்த வாக்கியத்தைப் பதிகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. பெட்டியோடு வரும் தாள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

திருப்பிச் சொல்வதை நிறுத்துவதற்காக வாங்குவதானால் காசு தண்டம். அவன் சொல்லும் "தண்ணி வேணுமா" வெறும் கிளிப்பேச்சு இல்லை. பல நேரம் அதுதான் அவனுடைய 'ஆமா'. ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. 1981இல் பேச்சு ஆய்வாளர்கள் பேரி பிரைஸன்ட்டும் ஜூடித் டூகனும் நான்கு பிள்ளைகளின் எதிரொலிப் பேச்சை ஆராய்ந்து, அது ஏழு விதமாகப் பயன்படுவதைப் பிரித்துக் காட்டினார்கள். தன் முறைக்கு ஏதாவது சொல்லிவைக்க, ஆமோதிக்க, கேட்டு வாங்க, தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்ய, இப்படி. ஆகவே எதிரொலியைத் தடுக்க வேண்டாம். கேள்வியாக வரும் அந்த எதிரொலிக்குப் பக்கத்தில், பிள்ளை தன் வாக்கியமாகவே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பட்டன் அதற்குத்தான்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய சலுகை தருகிறது. வேணும், போதும், பிடிக்கும், பசிக்குது, வலிக்குது, பயமா இருக்கு, போலாம்: இவற்றை நீங்கள் சொன்னாலும் பிள்ளை சொன்னாலும் ஒரே வடிவம்தான். "பசிக்குதா?" என்பதில் கடைசி 'ஆ'வைக் கழற்றினால் "பசிக்குது", பிள்ளைக்கு வேண்டிய வாக்கியம் தயார். "சாப்பிடுறியா?" அப்படி இல்லை. அது "சாப்பிடுறேன்" ஆக வேண்டும்; நீ போய் நான் வர வேண்டும், விகுதியே மாற வேண்டும். நீ, நான் குழப்பம் உள்ள பிள்ளைக்கு இந்த இரண்டாவது வகை மலை ஏறுவது போல. எனவே முதல் நாலு பட்டனுக்கும் முதல் வகையிலிருந்தே எடுங்கள். 'எனக்கு', 'உனக்கு' இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். அவை இல்லாமலே தமிழ் வாக்கியம் முழுசாக நிற்கும்.

வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, "தண்ணி வேணும்னு சொல்லு" என்று பதிவது. பிள்ளை அதை ஒரே துண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் தாகம் எடுக்கும்போதெல்லாம் "தண்ணி வேணும்னு சொல்லு" என்றே கேட்கும், அந்த 'சொல்லு'வையும் சேர்த்து. பதிவில் 'சொல்லு', 'கேளு', பிள்ளையின் பெயர், எதுவும் வரக்கூடாது. கேள்வி ராகமும் கூடாது. இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லோடு ராகத்தையும் அப்படியே எடுப்பார்கள். "வேணும்" என்பதைக் கடைசியில் தூக்கிச் சொன்னால், திரும்பி வருவதும் தூக்கியே வரும்.

பதியும் முறை. ஓரத்திலோ அடியிலோ இருக்கும் சின்ன பட்டனை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். உடனே பேசினால் முதல் அசை வெட்டுப்பட்டு 'வேணும்' என்பது 'ணும்' ஆகிவிடும். அரை நொடி விட்டுப் பேசுங்கள், முடித்தபின் இன்னொரு அரை நொடி விட்டு விரலை எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மைக் அந்த இரைச்சலைத்தான் முதலில் பிடிக்கும். வாய்க்கும் பட்டனுக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். 30 நொடி இருக்கிறதே என்று கதை சொல்ல வேண்டாம், இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். "தண்ணி வேணும்." "போதும்." "வெளிய போலாம்." "வலிக்குது."

பதிந்தபின் நாலையும் மேஜையில் வரிசையாக அடுக்குவது அடுத்த தவறு. தண்ணி பட்டன் வாட்டர் ஃபில்டர் அருகே, போதும் பட்டன் சாப்பிடும் இடத்தில், வெளிய போலாம் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தை மாற்றாதீர்கள். பட்டனில் ஒட்டிய படத்தைவிட இடத்தை வைத்தே அடையாளம் காணும் பிள்ளைகள் உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று இடம் மாற்றினால் கற்றது குழம்பும்.

முதல் இரண்டு வாரம் பட்டனை அழுத்த வேண்டியது பெரியவர்கள்தான். நீங்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போது பட்டனை அழுத்தி, "தண்ணி வேணும்" என்று வாயாலும் சொல்லி, குடியுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும்போதும் அப்படியே. கையைப் பிடித்து அழுத்த வைக்க வேண்டாம். "என்ன சொல்லணும்?" என்று பரீட்சை வைத்தால் "என்ன சொல்லணும்" என்றுதான் பதில் வரும், அதில் பிள்ளையின் பிழை எதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால்தான் தண்ணீர் என்ற நிபந்தனை கூடவே கூடாது. அவன் பழைய மாதிரி "வேணுமா" என்று கேட்டாலும் உடனே கொடுங்கள், கொடுக்கும்போது "வேணும்" என்று ஒரு முறை சொல்லுங்கள். பட்டன் பழகினால் வாய்ப்பேச்சு நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை.

'ஆமா', 'இல்ல' பட்டன்களை முதலில் வைக்கத் தோன்றும். பொறுங்கள். கேனர் எழுதிய பிள்ளைகளில் டொனால்ட் என்ற சிறுவனுக்கு 'ஆமா' சொல்லக் கற்றுக்கொடுக்க, அப்படிச் சொன்னால் தோளில் தூக்குவேன் என்றார் அப்பா. அவனும் சொல்லக் கற்றான். ஆனால் ரொம்ப நாளைக்கு அந்தச் சொல்லுக்கு அவனிடம் 'தோளில் தூக்கு' என்பது மட்டுமே பொருள். எந்தச் சூழலில் சொல் ஒட்டியதோ அங்கேயே தங்கிவிடும் ஆபத்து பட்டனுக்கும் உண்டு. அதனால் "தண்ணி வேணும்" நிலைபெற்றதும் "பழம் வேணும்", "பந்து வேணும்" என்று வேறு இடங்களில் வாயால் சொல்லிக்காட்ட வேண்டும். துண்டு உடைந்து 'வேணும்' தனியாகக் கழன்று வருவது அப்படித்தான்.

இனி சாமானின் குறைகள். பெரும்பாலான மலிவு ரகங்களில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையாக இருந்தால் ஸ்பீக்கர் துளைகள்மேல் இரண்டு மூன்று அடுக்கு செல்லோடேப் ஒட்டுங்கள், கணிசமாகக் குறையும். பதியும் பட்டன் பிள்ளையின் விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தால், உங்கள் பதிவின்மேல் வெறும் காற்றைப் பதிந்துவிடும். அதன் மேலும் ஒரு துண்டு டேப். பேட்டரி இறங்கினால் குரல் கரகரத்துத் திரியும், அதையும் பிள்ளை அப்படியே பிடிக்கும், உடனே மாற்றுங்கள். மாற்றும்போது பதிவு அழிகிறதா என்று வாங்கிய அன்றே ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது. ஒரே பட்டனை ஐம்பது தடவை அழுத்தினால் பிடுங்க வேண்டாம். சத்தத்துக்காக அழுத்துகிறான் என்றால், நாலில் ஒன்றில் பாட்டு வரி ஒன்றைப் பதிந்து விளையாட விட்டுவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

தெரபி மையங்களில் இருக்கும் பிக்மேக் (குரலைப் பதிந்து ஒலிக்கும் பெரிய பட்டன்) மாதிரி ஸ்விட்சுகளோடு ஒப்பிட்டால் இது பொம்மைதான். அதன் அழுத்துமுகம் 5 அங்குலம், விலை பல மடங்கு. கை அசைவில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அதுவே சரி. கை நன்றாக வரும் பிள்ளைக்கு இந்தச் சின்னது போதும்.

பெரிய எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பயம் வரும்போதெல்லாம் "பாத்து, விழுந்துடுவ" என்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலிலிருந்து விழப்போன அன்று யாரோ கத்திய வாக்கியம் அது. அதன் இடத்தில் வைக்க வேண்டியது "பயமா இருக்கு". ஆனால் பயம் வருவது பஸ் ஸ்டாண்டில், பட்டன் ஒட்டியிருப்பது வீட்டுச் சுவரில். இப்படிப்பட்ட வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சொன்னான், அதற்கு முன் என்ன நடந்தது, முதலில் எங்கே கேட்டிருப்பான். பேச்சுப் பயிற்சியாளருக்கு பட்டனைவிட அந்த நோட்டு அதிகம் சொல்லும். கேட்கும் திறனை இதுவரை சோதிக்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. நாலு வாக்கியத்தைப் பிள்ளை தாண்டிவிட்டால் இன்னொரு பெட்டி வாங்காமல், சென்னையில் உருவான ஆவாஸ் போல படத்தைத் தொட்டால் தமிழில் பேசும் ஆப்புக்கு மாறுவது லாபம். அது பஸ் ஸ்டாண்டுக்கும் கூடவே வரும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது ஏஏஏ பேட்டரியாக இருக்க வேண்டும். காசு மாதிரி தட்டையான பட்டன் செல் போட்ட ரகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம்.