கம்பம்மெட்டுக்கு இருபுறமும் ஓடும் ஆப்: ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட், மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பின்

ஏலத்தோட்டக் கூலிக் கணக்கும் காய் எடையும் பதியும் வெப் ஆப் இது. கம்பம், போடி பக்கமிருந்து ஜீப் ஏறி, தமிழக-கேரள எல்லையைத் தாண்டி இடுக்கி மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தமிழில் பார்க்கிறார்கள். மேலே தோட்டத்து சூப்பர்வைசருக்கு மலையாளம், ஆபீஸுக்கு இங்கிலீஷ். மொழிமாற்றம் முழுக்க ரியாக்ட்-ஐ18நெக்ஸ்டில்; ரியாக்டில் எழுதிய ஆப்பின் வாசகங்களைப் பயனரின் மொழியில் காட்டும் லைப்ரரி அது. காம்பொனென்டுக்குள் (திரையின் ஒரு பகுதியை வரையும் கோடு) யூஸ்டிரான்ஸ்லேஷன் ஹூக்கைக் கூப்பிட்டு, அது தரும் டி() ஃபங்ஷனில் கீயை, அதாவது வாசகத்துக்கு நாம் வைத்த அடையாளப் பெயரைக் கொடுத்தால், அந்தந்த மொழியின் ஜேசன் ஃபைலிலிருந்து வாசகம் வந்துவிடும். நிறுவுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

லைப்ரரி நன்றாகவே உழைக்கிறது. அடி விழுந்ததில் பெரும்பாலானவை, கோடுக்குள் (ப்ரோகிராமுக்குள்) வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட இடங்களில்தான். இங்கிலீஷில் 'இன்' என்ற சொல்லுக்குப் பின் ஊர்ப்பெயரை வைத்தால் வாக்கியம் முடிந்தது. அதையே தமிழில் ஊர்ப்பெயர் வேரியபிள் (ஓடும்போது நிரப்பப்படும் இடம்), பின்னால் 'இல்' என்று எழுதினால் திரையில் 'கம்பம்இல் 12 மூட்டை' என்று வரும். கம்பத்தில், குமுளியில், வண்டன்மேட்டில் என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக உருமாறும். மலையாளத்திலும் இதே கதைதான். மொழிபெயர்ப்பாளர் ஃபைலில் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும்; ஓடும்போதுதான் பல்லிளிக்கும்.

இதற்கு வழிகள் மூன்று. ஊர்கள் பத்துக்குள், மாறாதவை என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கீ வைக்கலாம்: வெறும் பெயர் ஒன்று, வேற்றுமை ஏறிய வடிவம் ஒன்று. தோட்டத்தின் பெயரைப் பயனரே டைப் செய்கிறார் என்றால் அது நடக்காது; 'இடம்: கம்பம், வரவு: 12 மூட்டை' என்று லேபிளாக உடைத்துவிட வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் கைகொடுத்தது: பெயருக்குப் பின்னால் ஒரு பொதுச்சொல்லை நிறுத்தி, உருபை அதன் மேல் ஏற்றுவது. 'கம்பம் கிளையில்', 'முருகன் என்பவருக்கு'. வேரியபிளில் எந்தப் பெயர் வந்து விழுந்தாலும் கிளையும் என்பவரும் மாறுவதில்லை. மலையாளத்தில் 'என்ன' (நம் 'என்ற' போல) என்ற இணைப்புச் சொல் இதே வேலையைச் செய்கிறது.

ஒருமை பன்மை எதிர்பார்த்ததைவிடச் சுலபம். அடியில் இருக்கும் ஐ18நெக்ஸ்ட் லைப்ரரியின் 21-ஆம் பதிப்பிலிருந்து கீயின் வாலில் _ஒன், _அதர் என்று (ஃபைலில் இங்கிலீஷ் எழுத்தில்) போட்டால், பிரவுசரில் உள்ள ஒருமை-பன்மை விதித் தொகுப்பான இன்ட்ல் ப்ளூரல்ரூல்ஸைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் 1 மட்டும்தான் 'ஒன்'; 0 'அதர்' பக்கம் போகும். இந்திக்கு 0-வும் 'ஒன்' பக்கம். அதனால் இந்தி ஃபைலைப் பார்த்து தமிழ் ஃபைலை அமைக்கக் கூடாது. '0 பேர் வரவில்லை' என்பதைவிட 'எல்லோரும் வந்துள்ளனர்' நன்றாக இருக்கும் என்றால் _ஜீரோ என்று தனியாக ஒன்று எழுதலாம், எடுத்துக்கொள்ளும். '12 மூட்டைகள்' என்று எழுத வேண்டியதில்லை. எண் வந்தாலே '12 மூட்டை' போதும். ஆட்கள் விஷயத்தில் மட்டும் 'ஒருவர்', '12 பேர்' என்று இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

இங்கிலீஷ் வாசகத்தையே கீயாக வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தொடங்கும்போது வேகம், பிறகு தலைவலி. 'பேலன்ஸ்' என்பது கூலித் திரையில் பாக்கி, சரக்குத் திரையில் இருப்பு. ஒரே கீ என்றால் இரண்டில் ஒன்று தப்பாகத்தான் இருக்கும். கூலி.பாக்கி, சரக்கு.இருப்பு என்று பொருளைச் சொல்லும் கீயே நிற்கும். எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் இன்னொன்று: தமிழில் 'ஏலம்' என்றால் காயும்தான், ஏலம் விடுவதும்தான். போடியிலும் புத்தடியிலும் நடப்பது ஏலக்காய் ஏலம். மலையாளத்தில் காய்க்கு ஏலம், விற்பனைக்கு லேலம். திரையில் வெறும் 'ஏல விவரம்' என்று வந்தால் தமிழ் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? பயிருக்கு எங்கும் 'ஏலக்காய்', விற்பனைக்கு மட்டும் 'ஏலம்' என்று சொற்பட்டியலில் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

சம்பளம், கூலி, கணக்கு எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுபோல் இருப்பதால், தமிழ் ஃபைலை எழுத்து மாற்றி மலையாளமாக்கிவிடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். 'அவசரம்' என்ற பட்டன் மலையாளத்தில் 'வாய்ப்பு' என்று படிக்கப்படும். 'வெள்ளம்' அங்கே வெறும் தண்ணீர். வெள்ள எச்சரிக்கையை அப்படியே அனுப்பினால் குடிதண்ணீர் அறிவிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி கோடு பக்கம். அடிக்கடி வரும் தவறு, டி()-யைக் காம்பொனென்டுக்கு வெளியே கூப்பிடுவது. மெனுப் பட்டியலை ஃபைலின் தலையில் கான்ஸ்டன்டாக வைத்து அங்கேயே மொழிபெயர்த்தால், அது ஃபைல் இம்போர்ட் ஆகும் நொடியில் ஒரே தரம்தான் ஓடும். மொழி ஃபைல் அதற்குள் வந்திராவிட்டால் வெறும் கீ தெரியும். வந்திருந்தாலும் பயனர் மொழியை மாற்றும்போது மெனு மட்டும் பழைய மொழியிலேயே நிற்கும். பட்டியலில் கீயை மட்டும் வைத்து, ரெண்டர் ஆகும் இடத்தில் டி() போட வேண்டும். படிவச் சரிபார்ப்பின் பிழைச் செய்திகளுக்கும் இதே விதி. யூஸ்மெமோவுக்குள் (ஒருமுறை கணக்கிட்டதை நினைவில் வைக்கும் ஹூக்) லேபிள் உருவாக்கினால், எது மாறினால் மறுபடி கணக்கிட வேண்டும் என்று சொல்லும் டிபென்டன்சி பட்டியலில் டி-யையும் சேர்க்க வேண்டும். விட்டுப்போனால் டேபிளின் தலைப்பு தமிழில், உள்ளே மலையாளம் என்று கலந்து நிற்கும்.

வாக்கியத்துக்குள் லிங்க்கோ தடித்த எழுத்தோ வந்தால் டிரான்ஸ் காம்பொனென்ட். அதில் எண்ணால் குறிக்கும் முறை ஆபத்தானது. 'உங்கள் பாக்கி <1>₹4,250</1>. விவரத்துக்கு <3>இங்கே தொடுங்கள்</3>' என்பதில் எண்கள், குழந்தை நோடுகளின் வரிசை; இடையில் வரும் வெறும் வாசகமும் ஒரு நோடாக எண்ணப்படுகிறது. யாராவது முன்னால் ஒரு ஐகானைச் செருகினால் வரிசை ஒன்று தள்ளிப்போய் தடித்த எழுத்தும் லிங்கும் சேர்ந்தே போய்விடும். எண்ணுக்குப் பதில் <தொகை>, <விவரம்> போலப் பெயர் (இதுவும் ஃபைலில் இங்கிலீஷ் எழுத்தில்) கொடுத்து, காம்பொனென்ட்ஸ் ப்ராப்பில் அவற்றை அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. வினைச்சொல் கடைசியில் வரும் மொழிக்கு, மொழிபெயர்ப்பாளர் டேகுகளை இடம் மாற்றியே ஆக வேண்டும். பெயர் இருந்தால்தான் எதை எங்கே வைப்பது என்று அவருக்கும் புரியும்.

கீகளைத் தானாகத் திரட்டும் ஐ18நெக்ஸ்ட்-பார்சர், புதுக் கீக்கு இயல்பாக வெற்று வாசகத்தை எழுதிவைக்கும். லைப்ரரியோ வெற்று வாசகத்தையும் சரியான மொழிபெயர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். விளைவு, எழுத்தே இல்லாத பட்டன். ரிட்டர்ன்எம்ப்டிஸ்டிரிங் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் மாற்று மொழிக்கு இறங்கும். கீயின் பாதியை வேரியபிளால் கட்டினால் பார்சர் கண்ணுக்கு அது தெரியாது. சாத்தியமான கீகளை அதே ஃபைலில் கமென்டாக டி() வடிவில் எழுதி வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

மலை மேல் சிக்னல் போய்ப்போய் வரும். மொழி ஃபைலை லோக்கல்ஸ்டோரேஜில் (பிரவுசரின் சேமிப்பிடம்) வைக்கும் பேக்எண்ட் இதற்கு நல்லதுதான். ஆனால் அதன் இயல்பான ஆயுள் 7 நாள். கூலித் திரையில் ஒரு சொல்லைத் திருத்தி இன்று ஏற்றினால் சிலருக்கு அடுத்த வாரம்தான் தெரியும். ஒவ்வொரு வெளியீட்டிலும் மொழி வாரியாக வெர்ஷன் எண்ணை மாற்ற வேண்டும். போனின் மொழி தமிழ் (இந்தியா) என்றால் முதலில் அந்த வட்டார ஃபைலைத் தேடி 404 ('ஃபைல் இல்லை' என்ற பதில்) வாங்கிவிட்டுத்தான் வெறும் தமிழுக்கு வரும்; லோட் என்பதை லேங்குவேஜ்ஒன்லி ஆக்கினால் ஒரு வீண் ரிக்வெஸ்ட் மிச்சம். போனின் மொழியை வைத்துப் பயனரின் மொழியை முடிவு செய்வதே இங்கே பயனற்றது. தமிழ் பேசுகிறவர் போனும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கிறது. முதல் திரையிலேயே கேட்டுவிடுங்கள், மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே போட்டு.

மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் கெடும் இடம் ஒன்று உண்டு: வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து. சார்அட்(0) போட்டால் முருகன் 'ம' ஆகிறார், கோபால் 'க' ஆகிறார். உயிர்க்குறி தனிக் கோட்பாயின்ட் (யூனிகோடில் தனிக் குறியீட்டு எண்) என்பதால் வெட்டு அங்கே விழுகிறது. 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் 5. கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. இன்ட்ல் செக்மென்டரால் பிரித்தால் 'மு', 'கோ' என்று முழுசாக வரும். ஃபயர்பாக்ஸில் அது 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. தொகைகளை 'தமிழ்-இந்தியா' (ta-IN) என்ற லொகேலில், அதாவது மொழி-நாட்டு அமைப்பில் வடிவமைத்தால் 1,25,000 என்று வரும். இங்கிலீஷுக்கும் இந்திய லொகேலைக் கொடுக்க வேண்டும், வெறும் இங்கிலீஷ் என்றால் 125,000.

மலையாளப் பெயர்த் தேடலில் கண்ணுக்கே தெரியாத பிழை, சில்லு எழுத்து: உயிர் சேராத சில மெய்களுக்கு அங்கே உள்ள தனி வடிவம். 2008-ல் வந்த யூனிகோட் 5.1-இல் சில்லுக்குத் தனிக் கோட்பாயின்ட் தந்தார்கள். பழைய கீபோர்டில் அடித்தால் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றாக வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடின் சீராக்கும் முறையான என்எஃப்சி நார்மலைஸ் இதைச் சேர்த்துவைக்காது. கைப்பட ஒரு மாற்றுப்பட்டியல் எழுத வேண்டும். தமிழில் 'ஸ்ரீ'க்கும் இதே போல் இரண்டு குறியீட்டு வழி இருக்கிறது.

மொழிபெயர்க்காமல் விட்டதைக் கண்டுபிடிக்க, மொழியை 'சிஐமோட்' என்று வைத்து எல்லாத் திரையையும் ஒரு சுற்று பார்த்தால் போதும். டி() வழியாக வருவதெல்லாம் கீயாகவே தெரியும். இங்கிலீஷ் வாக்கியமாக நிற்பது கோடில் நேராக எழுதியது. கோடைச் சோதிக்கும் இஎஸ்லின்ட் கருவியின் நோ-லிட்டரல்-ஸ்டிரிங் விதியும் உதவும். ஆனால் இயல்பு நிலையில் அது டேகுக்கு நடுவே உள்ள வாசகத்தை மட்டும்தான் பார்க்கும். டேகுக்குள்ளேயே எழுதப்படும் ப்ளேஸ்ஹோல்டரும் ஏரியா-லேபிளும் தப்பிவிடும். மோடை ஜேஎஸ்எக்ஸ்-ஒன்லி என்று மாற்றினால் அவையும் மாட்டும்.