ஒரு பழக்கம் படிய முப்பது நாளா, ஒரு மண்டலமா?

இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். ஜூன் முழுக்கக் காபியில் சர்க்கரை கிடையாது என்பது மாதச் சவால். விடியற்காலையில் நாற்பது நிமிட நடை என்பது மண்டலச் சவால். சித்த மருத்துவத்தில் மருந்துக்குச் சொல்லும் 48 நாள் கணக்கு.

தொடங்குவதற்கு மாதம்தான் சுகம். ஒன்றாம் தேதி என்றாலே ஒரு தெம்பு வந்துவிடுகிறது. நாள்காட்டியில் கிழித்த தாள்களை ஆணியில் குத்தி வைத்தேன். கட்டு தடிக்கத் தடிக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் இருபதாம் தேதியைத் தாண்டியதும் நாக்கு மிச்ச நாள்களை எண்ணத் தொடங்கிவிட்டது. ஜூலை ஒன்று காலை, டம்ளரில் மூன்று கரண்டி சர்க்கரை. வழக்கம் இரண்டுதான், மூன்றாவது வட்டி!

மண்டலம் ஏதோ ஒரு மாதத்தின் நடுவில், ஓசையில்லாமல் முடிகிறது. கொண்டாடத் தோன்றாது, அதனால் நிறுத்தவும் தோன்றவில்லை. இடையில் காய்ச்சலில் மூன்று நாள் போனது. விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், பழக்கம் படிய எடுத்த காலம் நடுமதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அந்தக் கணக்கில் மண்டலமே குறைவு, மாதம் வெறும் முன்னோட்டம்.

சர்க்கரையையும் நடையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அதனால் சர்க்கரையையும் இப்போது மண்டலத்தில் போட்டிருக்கிறேன். இன்று பதினோராம் நாள். காபி கசக்கிறது.