எஞ்சினைத் திறக்க முதல் அடியைப் பார்க்கிற கராஜ்

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று இரவு பகலாகக் கடல் காற்று படுகிற பக்கத்தில் இருப்பவர்களுக்கு. அநுராதபுரச் சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது இந்தச் சின்ன கராஜ். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, லிஃப்ட் இல்லை, நிலத்தில் வெட்டிய குழிதான். ஆனால் இந்தக் காருக்கு இனியும் காசு போடலாமா, வித்துப்போட்டு வேறு எடுக்கலாமா என்ற கேள்விக்கு எனக்கு ஒழுங்கான பதில் கிடைத்தது இங்கேதான்.

என்னுடையது கொரோலா 121, 1500 சிசி பெற்றோல் எஞ்சின். ஒயில் கொஞ்சம் குறைகிறது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் கடகடவென்று சத்தம், பிரேக் முன்னைப் போல் பிடிப்பதில்லை. முதலில் காட்டிய வேறொரு இடத்தில் பொனெற்றைத் திறந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்யணும் என்று ஒரு துண்டில் ஒரே ஒரு தொகையை எழுதித் தந்தார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பதில் இல்லை. கார் விற்கிற ஒருவரோ, இதைத் தந்துவிட்டு மேலே காசு போட்டு வேறு எடுங்கள் என்றார். இரண்டு பேருமே காரின் அடியைக் குனிந்து பார்க்கவில்லை.

இங்கே இருக்கிற பாஸ், அதாவது மெக்கானிக், செய்த முதல் வேலை அதுதான். எஞ்சினைப் பற்றி நான் சொல்லத் தொடங்க, "அதை விடுங்க தம்பி, எஞ்சின் மாத்தலாம், பொடி மாத்த ஏலாது, முதல்ல அடியைப் பாப்பம்" என்று குழிக்குள் இறங்கிவிட்டார். ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்று கேட்கும், கறள் தின்ற இடம் பொத்தென்று அமுங்கிக் கேட்கும், பக்கத்தில் நின்றால் நமக்கே வித்தியாசம் தெரியும். இடது பக்கக் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகட்டில், பின் சில்லுக்குக் கிட்ட ஜக் வைக்கிற இடத்தில் சத்தம் மாறியது. அங்கே பூசியிருந்த கறுப்புத் தார்ப் பூச்சைச் சுரண்டினார். அது சிரங்குத் தோல் உரிகிற மாதிரிப் பொளுக்கென்று கழன்று வந்தது, உள்ளே என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை.

அதற்குப் பிறகு செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தத் தகட்டின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று கம்பனியே சின்னத் துளைகள் விட்டிருக்கிறது, அதற்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். ஈர மணல் கொட்டியது, நிலாவெளிக் கடற்கரை மணல்! அதுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் தண்ணீர். துளை அடைபட்டால் மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் வெளியே போகாது, உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், தகடு உள்ளிருந்தே தின்னப்படும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். கறளைச் சுரண்டாமல் மேலே தார்ப் பூச்சு அடித்தால் அது கறளை மூடி வைக்குமே தவிர நிறுத்தாது. பின் கதவுகளின் அடித் துளைகளையும் அதே கம்பியால் திறந்துவிட்டார், அதற்குக் காசு எடுக்கவில்லை.

அப்புறம்தான் எஞ்சின். நாலு பிளக்கையும் கழற்றிக் கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார். மூன்று சிலிண்டர் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒன்று மட்டும் கொஞ்சம் குறைவு. குறைந்த அந்தத் துளைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்க, அளவு ஏறியது. ஒயில் விட்டதும் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்பட வேண்டும். ஒயில் மூடியின் உள்பக்கத்தில் பால் கலந்த மாதிரிப் படிவு இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை, அதனால் தண்ணீர் ஒயிலோடு கலக்கவில்லை. ரிங் தேய்ந்தது உண்மை, ஆனால் ஒயிலைப் பார்த்துப் பார்த்து விட்டால் இன்னும் கன காலம் ஓடும், இப்போதைக்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை என்றார். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ற் இல்லை, செயின், அதனால் அந்தச் செலவும் இப்போது இல்லை. முதல் இடத்தில் சொன்ன பெரிய வேலை அப்படியே விழுந்துவிட்டது.

எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்து எழுதினார். ஓடுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது: கறள் பிடித்த பிரேக் பைப், தேய்ந்த போல் ஜொயின்ற், ஜக் இடத்தின் தகட்டை வெட்டி எடுத்து வெல்டிங். இந்த வருசத்துக்குள் செய்ய வேண்டியது: லோவர் ஆம் புஷ், முன் ஷொக் அப்சோபர். செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்பது: பின் மட்கார்டின் கொப்புளம், பெயின்ற். முதல் இரண்டும் சேர்த்து மூன்று இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

சரி, மூன்று இலட்சம் போடலாமா? திருத்தச் செலவு காரின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று ஒரு கணக்கு எல்லாரும் சொல்வார்கள். நம் நாட்டில் அது சரிவராது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய காரின் விலை ஏறி நிற்கிறது, 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் சுங்க வரி, உற்பத்தி வரி, அதற்கெல்லாம் மேல் 18 வீத வற் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதால் புதுக் கார் நமக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. என்னுடையதைப் போன்ற 121 ஒன்றுக்கே நாற்பது இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அதில் பாதி என்றால் எந்தத் திருத்த வேலையும் நியாயமாகத்தான் தெரியும். என் கணக்கு வேறு. இதை விற்று அடுத்ததை எடுக்க மேலே எவ்வளவு போட வேண்டும், அதற்கு லீசிங் வட்டி எவ்வளவு, வாங்குகிற பழைய காருக்கும் டயர், பற்றரி, புஷ் என்று முதல் வருசத்திலேயே எவ்வளவு போகும், இதையெல்லாம் கூட்டித்தான் மூன்று இலட்சத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வைத்துப் பார்த்தேன், திருத்தினேன். பிரேக் இப்போது நம்பிப் பிடிக்கலாம், முன்பக்கச் சத்தம் போய்விட்டது. ஹபரணைப் பக்கம் இருட்டினபின் யானை றோட்டில் நிற்கும்போது இந்த இரண்டும் எவ்வளவு முக்கியம் என்று அந்த வழியால் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் திருத்தச் சொல்கிற ஆளும் இல்லை. நான் நிற்கும்போதே ஒரு டீச்சர் அக்கா பழைய நிசான் சன்னி கார் ஒன்றைக் கொண்டுவந்தார். முன் ஷொக் அப்சோபரை மேலே பூட்டுகிற மேடையில், பொனெற்றுக்கு உள்ளே, தகடு அடுக்கடுக்காக உரிந்திருந்தது. "வெல்டிங் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லலாம் அக்கா, ஆனா சில்லு பிடிச்சு நிக்கிற இடம் இது, பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறீங்க, நான் செய்ய மாட்டன்" என்றார் பாஸ். எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்று அந்த அக்கா சொல்ல, எஞ்சினைத் தனியாக விற்கிற வழியைச் சொல்லி அனுப்பினார். சில்லும் சீற் பெல்ற்றும் பூட்டியிருக்கிற இடத்துக்குக் கறள் வந்துவிட்டால் மாற்று, கதவிலும் மட்கார்டிலும் இருந்தால் பயப்படாதே, இதுதான் அவருடைய அளவுகோல். உப்புக் காற்று அடிக்கிற ஊருக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வர வேண்டும், பிழையான புஷ் வந்து திருப்பி அனுப்பியதில் கார் சொன்ன நாளைத் தாண்டி நின்றது. போன் எடுத்தால் பதில் அரிது. பில் கையால்தான் எழுதுவார், பெயின்ற் வேலை சுமார், அதை வேறு இடத்தில் கொடுங்கள். ஹைபிரிட் கார்களைத் தொடமாட்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுவார். எஞ்சினே மாற்றுவதாக இருந்தால் புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியும் வேலை நம்முடையது, அதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறும் போயாவும் பூட்டு. அடியை மட்டும் பார்த்துச் சொல்லவும் சம்மதிப்பார், ஒரு பழைய காரை வாங்க யோசிக்கிறவர்கள் முற்பணம் கொடுக்க முதல் அதை இந்தக் குழியில் ஒருக்கா ஏற்றிப் பாருங்கள். காலையில் நேரத்தோடு போனால் குழி காலியாக இருக்கும், பத்து மணிக்குப் பிறகு ஓட்டோக்கள் வரிசையில் நிற்கும்.