மகாமகத்துக்கு முன் கும்பகோணத்துச் சுவர்கள்: டெண்டரா, குழுவா, உபயமா?

2028 மாசியில் மகாமகம். அதற்குள் கும்பகோணத்தில் சாலை போடுவார்கள், சாக்கடை தூர்வாருவார்கள், சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். இந்த மூன்றாவது வேலையைப் பற்றித்தான் இந்த அலசல். சுவரில் என்ன வரைவது, ரவுண்டானாவில் என்ன வைப்பது என்று யார் முடிவு செய்வது? யார் பணம் போடுவது? மூன்றாம் வருஷ மழையில் சுவர் உப்புப் பூத்து படம் உரியும்போது யாரைப் போய்க் கேட்பது? முதல் இரண்டு கேள்விக்கும் ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் வைத்திருக்கிற முறைக்குத்தான் என் ஓட்டு.

ஊரின் அளவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம். 2021-ல் மாநகராட்சி ஆனது, 48 வார்டு. சென்னை மாதிரி தனிப் பிரிவு, தனி அதிகாரி என்றெல்லாம் பொதுக்கலைக்கு ஒதுக்க இந்த அளவு ஊரால் முடியாது. பக்கத்தில் தஞ்சாவூர் கொஞ்சம் பெரியது, நிலைமை அதேதான். ஆகவே டெல்லியில் ஓடுகிறது, பிலடெல்பியாவில் ஓடுகிறது என்பதற்காக எதையும் அப்படியே தூக்கி வந்துவிட முடியாது.

பேச்சில் இருப்பவை நான்கு வழி: டெண்டர், தன்னார்வ அமைப்போடு கம்பெனி நிதி, உபயம், முடிவெடுக்க ஒரு கலைக் குழு. முதலில் டெண்டர், ஏனென்றால் எல்லோருக்கும் பழகிய வழி அதுதான். மாநகராட்சிப் பொறியியல் பிரிவு மதிப்பீடு போடும். 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. சாக்கடைக்கும் சாலைக்கும் இது சரி. படத்துக்கு வரும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை நிற்கிறது. எடுத்த ஒப்பந்ததாரர் இன்னொருவரிடம் விடுகிறார், அவர் தூரிகை பிடிக்கிறவரிடம் விடுகிறார். கடைசி ஆளிடம் வந்து சேரும் காசில் அவர் புதிதாக யோசிக்க நேரம் ஏது? கைக்குப் பழகியதைப் போடுகிறார். ஜல்லிக்கட்டுக் காளை, தலையாட்டி பொம்மை, பரத முத்திரை, பெரிய கோயில் விமானம், நடுவே ‘குப்பையைத் தரம் பிரிப்போம்’. ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன். பிளெக்ஸ் வந்து பேனர் தொழிலை விழுங்கியபின் சுவர்தான் பலருக்குச் சோறு. குறை, விலை கேட்ட விதத்தில்தான் இருக்கிறது.

ஆனாலும் டெண்டரை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. அதில் ஒரு கோப்பு இருக்கிறது. தணிக்கை வருகிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் தர வேண்டியிருக்கிறது. முக்கியமாக, கட்டட வேலைகளில் ஒப்பந்ததாரர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் பழுது வந்தால் அவரையே சரிசெய்ய வைக்கும் வழக்கம் உண்டு. மற்ற மூன்று வழிகளிலும் இந்தப் பிடிமானம் கிடையாது. இதை ஓவியத்துக்கும் கொண்டுவரலாம்.

டெண்டர் அடியோடு தோற்கிற இடம் சிலை. கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சுவாமிமலை. 2023-ல் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்த பாரத மண்டபத்தின் முன்னால் நிற்கிற 27 அடி நடராஜர் அங்கே வார்க்கப்பட்டவர். இங்கே ரவுண்டானாவுக்கு ஒரு சிலை வேண்டுமென்றால் குறைந்த விலையில் வருவது பெரும்பாலும் பைபரோ, தங்க வர்ணம் அடித்த சிமென்டோ. காரணம் எளிது. சுவாமிமலை வேலையைச் சதுர அடியில் அளக்க முடியாது. தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிச் சேர்த்து முதலில் உருவத்தை மெழுகிலேயே முழுதாகச் செய்கிறார்கள். விரல் நகம், நகைக் கொத்து வரைக்கும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடி பூசி, கம்பி கட்டி இறுக்குகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். மண்ணை உடைத்தால்தான் சிலை. அச்சு போனது போனதுதான், இன்னொரு பிரதி வராது. இந்த வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் மெழுகு நிலையில் நேரில் போய்ப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். உலோகம் ஊற்றியபின் ‘முகம் சரியில்லையே’ என்று சொல்லிப் பயனில்லை. பணத்தையும் மெழுகு முடிந்ததும் ஒரு தவணை, வார்ப்பு முடிந்ததும் ஒரு தவணை என்று பிரிக்க வேண்டும். கடைசியில் அளவெடுத்துப் பில் போடுகிற முறைக்கு இது ஒத்துவராது.

அடுத்தது, தன்னார்வ அமைப்பையும் கம்பெனி நிதியையும் கூட்டி வருவது. சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் மாநகராட்சி, ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு, ஏசியன் பெயின்ட்ஸ் மூவரும் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தார்கள். தரத்தில் இந்த வழியை மற்றவை நெருங்கக்கூட முடியாது. கம்பெனிச் சட்டம் 2013-ன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; கலை, பாரம்பரியப் பாதுகாப்பு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. டெல்டாவில் இதற்கு இரண்டு சிக்கல். இங்கே பெரிய ஆலைகள் குறைவு, கொடுக்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். வருகிறவர் ஒரு சீசனுக்கு வந்து வரைந்துவிட்டுப் போவார். அடுத்த வருஷம் அவர் வேறு ஊரில் இருப்பார். ஒரு தடவைக்கு, பெரிய சுவருக்கு, நல்ல வழி. ஊரின் நிரந்தர ஏற்பாடாக இதை நம்ப முடியாது.

உபயம் நம் மண்ணிலேயே முளைத்தது. இன்றைய அரசுத் திட்டத்தில் இதன் சாயல் நமக்கு நாமே. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வர்த்தக சங்கம், நகைக்கடை, பட்டுக்கடை, வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் என்று கொடுக்க ஆள் உண்டு. கொடுத்தவர் பெயர் பொறிப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. கொடுத்தவர் படத்தையும் தேர்ந்தெடுக்கிறார், அங்கேதான் இடிக்கிறது. அவருடைய குலதெய்வம், அவருடைய கட்சித் தலைவர், அவருடைய தாத்தா. கவுன்சிலரால் மறுக்க முடியாது, கமிஷனரும் தயங்குவார்.

பழைய உபயம் இப்படி இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்தவர்களைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகளை இன்ன இடையர் ஏற்றுக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று அவர் பெயரோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விளக்கைக் கொடுத்தவர் நெய்க்கும் வழி செய்துவிட்டுத்தான் போனார், பொறுப்பாளியும் யாரென்று ஊருக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கே பராமரிப்பு ஒப்பந்தம் இருந்திருக்கிறது. இன்றைய உபயதாரர் திறப்பு விழாப் பந்தலோடு கழன்றுகொள்கிறார்.

இனி குழு. உலகத்தில் பல நகரங்கள் கையில் எடுத்த வழி இது. பிலடெல்பியா 1959-ல் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் போட்டது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். சியாட்டில் 1973-ல் பின்தொடர்ந்தது. அதே 1973-ல் நம் நாடாளுமன்றம் டெல்லி நகர்ப்புறக் கலை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது. அந்த ஒரு சதவீதத்தை இங்கே கணக்குப் பார்த்தால், 10 கோடியில் ஒரு சந்தையோ பேருந்து நிலையமோ கட்டினால் கலைக்கு 10 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. கும்பகோணம் அளவு ஊர் வருஷா வருஷம் 10 கோடிக் கட்டடம் கட்டுவதில்லை. கட்டுகிற வருஷம் பணம் கொட்டும், மற்ற வருஷங்களில் உண்டியல் காலி. ஆக, சதவீத முறையை மட்டும் நம்பினால் பராமரிப்புக்குக் காசு இருக்காது.

குழுவின் உண்மையான பலம் வேறு. வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறார். 1970களின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் ராஜராஜன் சிலையை வைக்க மாநில அரசு விரும்பியது. தொல்லியல் துறை சம்மதிக்கவில்லை. சிலை வெளியே நின்றது, இன்றும் அங்கேதான் நிற்கிறது. அன்றைக்கு அதை அரசியலாகப் பார்த்தவர்கள் பலர். எனக்கென்னவோ மன்னர் வெளியே நிற்பதுதான் கம்பீரமாகப் படுகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது 2010 திருத்தத்திலிருந்து சட்டம். அப்படிப் பாதுகாக்கப்பட்ட சோழர் கோயில் உள்ள தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. அங்கே பீடம் கட்ட ஆசைப்படுகிறவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் பொதுப் பயன்பாட்டு இடத்திலும் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது; சாலையை அழகுபடுத்தும் வேலைக்கு இது பொருந்தாது. எது அழகுபடுத்தல், எது தலைவர் சிலை என்று கோடு போட ஊரில் யாராவது வேண்டுமே! டெண்டரில் அந்தக் கேள்வியே எழாது. உபயத்தில் எழுந்தாலும் கேட்க ஆளில்லை.

குழுவிலும் ஓட்டை உண்டு, மறைப்பானேன். ஆளுங்கட்சிக்காரர்களும் கௌரவத் தலைவர்களும் நிறைந்த குழு என்றால் வருஷத்துக்கு ஒரு கூட்டம், டீ, பன் பட்டர் ஜாம், போட்டோ, அவ்வளவுதான். டெல்லி ஆணையத்தின் கனத்தை இங்கே ஏற்றினாலும் கோப்பு நகராது.

ஆகவே என் தேர்வு: சின்னக் குழு, மாநகராட்சிக் கணக்கு, டெண்டரின் பிடித்தம், உபயத்தின் பணம். ஏழு பேர் போதும். அரசு கவின்கலைக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது, அங்கிருந்து ஒருவர். சுவாமிமலை ஸ்தபதி ஒருவர். மாநகராட்சிப் பொறியாளர் கட்டாயம், ஏனென்றால் எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊரில் ஈரச் சுவரில் விலை உயர்ந்த வர்ணம் அடிப்பது காசைக் கரைப்பதுதான். ஒரு கவுன்சிலர், ஒரு வரலாற்று ஆசிரியர், பகுதி சபைகளிலிருந்து இருவர், அதில் ஒருவராவது பெண். உபயதாரர் பணத்தைப் பொதுக் கணக்கில் போடலாம், பெயர் பொறிக்கலாம், படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

விலைப்போட்டி வேண்டாம். ‘இந்தச் சுவருக்கு இவ்வளவு தொகை, இதற்குள் வரைவு கொண்டு வாருங்கள்’ என்று தொகையை முன்பே சொல்லிவிட்டால் போட்டி வேலையில் நடக்கும். கடைசிச் சுற்றுக்கு வருகிற வரைவுகளுக்குச் சின்னத் தொகையாவது தர வேண்டும். ஓவியரை இலவசமாக யோசிக்கச் சொல்வது நியாயமில்லை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவைக்கலாம். மொத்த நிதியில் ஒரு பகுதி பராமரிப்புக்கு மட்டும், வேறெதற்கும் தொடக் கூடாது. சுவரோவியத்துக்கு ஐந்து வருஷம் ஆயுள் என்று முதலிலேயே எழுதிவிட்டால், பிறகு அழிக்கும்போது சண்டை வராது.

சுவரில் ஓவியரின் பெயர் வேண்டும், கவுன்சிலர் பெயரைவிடப் பெரிதாக. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் ஓவியங்களில் வரைந்தவர் சிங்காதனம் தன் பெயரை எழுதியிருக்கிறார். 17-ம் நூற்றாண்டு ஓவியருக்குக் கிடைத்த இடம் இன்றைக்குப் பேருந்து நிலையச் சுவரில் வரைகிறவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு இடைஞ்சல் எந்த வழியிலும் தீராது. ஊரில் நல்ல சுவர்களில் பல மாநகராட்சியுடையவை அல்ல. ரயில்வே, நெடுஞ்சாலை, நீர்வளத் துறை, அறநிலையத் துறை, தனியார் என்று சொந்தக்காரர்கள் பலர். குழு அமைந்ததும் முதல் வேலை, எந்தச் சுவர் யாருடையது, எதில் ஈரம், எதற்கு அனுமதி எழுத்தில் கிடைத்தது என்ற பட்டியல். மகாமகத்துக்கு முன் கடைசியாக வரப்போவது 2027 ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு மழைக்காலத்தையாவது தாங்கிக் காட்டிய படம்தான் மகாமகக் கூட்டத்தின் கண்ணில் பட வேண்டுமென்றால், 2027 கோடைக்குள் வர்ணம் சுவரில் ஏறியிருக்க வேண்டும். சிலை என்றால் மெழுகு வேலை அதற்கும் முன்னால்.