மஞ்சக்குப்பத்தில் ஒரு பிசியோதெரபி நிலையம்: தலைவலிக்காக ஆறு வாரம் போய்வந்த அனுபவம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பைக்கில் சென்று, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மாலை ஏழு மணி வரை கணினித் திரையைப் பார்த்திருந்துவிட்டுத் திரும்பும் எனக்கு, பிடரியில் தொடங்கி நெற்றியின் இரு பக்கமும் துணியால் இறுக்கிக் கட்டினாற்போன்ற ஒரு வலி மாதத்தில் பாதி நாள்களுக்கு மேல் இருந்துவந்தது. அது விண்விண்ணென்று தெறிக்காமல் அழுத்துவதையும், வாந்தி வராததையும், மாடிப்படி ஏறினாலும் கூடாததையும் கேட்டறிந்த மருத்துவர், இது ஒற்றைத் தலைவலி அன்று, இறுக்கத் தலைவலி என்று சொல்லி, கழுத்துப் பயிற்சிக்காக மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்.

இடம் சிறியது. இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் முக்கால் மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார். ஹெல்மெட்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஹெல்மெட் அழுத்தி வரும் வலி அதைக் கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்றும், இரவுச் சாப்பாட்டு வேளையிலும் தொடரும் வலிக்கு வேறு இடத்தில் தேட வேண்டும் என்றும் விளக்கினார். பிறகு மண்டையும் கழுத்தும் சேருமிடத்துத் தசைகளையும் தோளின் மேல்தசையையும் விரலால் அழுத்தினார். அழுத்திய இடத்திலிருந்து அதே பழைய வலி நெற்றிக்கு ஏறியபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த நிலையத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், அவர் அடுத்துக் கேட்ட கேள்வி. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்றார். பையில் கிடந்த காலி அட்டைகளை வைத்துக் கணக்குப் பார்த்தோம். பதினெட்டு நாள் வந்தது. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலிமாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும் என்று சொல்லி, அந்தக் கணக்கோடு என்னை மருத்துவரிடமே திருப்பி அனுப்பினார். வந்தவரை உடனே கட்டிலில் படுக்கவைத்துப் பணம் வாங்காத அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மருத்துவர் சொன்னபடி மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் வலி கூடத்தான் செய்தது. கூடும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

கற்றுத்தந்த பயிற்சிகள் எளியவை: மோவாயை உள்ளே இழுத்துப் பிடிப்பது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்குவது. மானிட்டர் கண்மட்டத்துக்கு வர வேண்டும் என்றதால், அலுவலகத்தில் பழைய கணக்குக் கட்டுகள் நான்கை அதன் அடியில் வைத்தேன். அவற்றுக்கும் ஒரு பயன் கிடைத்தது. தலைவலி வந்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்ன நோட்டைப் புரட்டியபோது, மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போன நாள்களே அதில் மிகுதியாக இருந்தன.

குறையும் உண்டு. 'கரண்ட் வைக்கும்' மெஷினுக்குப் பத்துத் தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டும்படி வரவேற்பறையில் மூன்று முறை வற்புறுத்தினார்கள். இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். அன்று மாலை இதமாக இருந்தது, மறுநாள் வலி வழக்கம்போல் வந்தது. மேற்கொண்டு வேண்டாம் என்றதற்குப் பிசியோதெரபிஸ்ட் முகம் சுளிக்கவில்லை. ஆறாவது வாரம் முடிந்தபோது, கடைசி நான்கு வாரங்களில் வலித்த நாள்கள் ஐந்தாகக் குறைந்திருந்தன.

திடீரென இடிபோல் தாக்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தால் இங்கு வராமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தடவைக்குக் கட்டணம் 350 ரூபாய். பெண் பிசியோதெரபிஸ்ட் காலையில் மட்டுமே இருக்கிறார். மாலையில் போகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடும் பத்து நிமிடத்தையும் சேர்த்துக் கிளம்புவது நல்லது.